சிட்னி மைதானத்தில் ஒரு சொக்ஸ் திருநீறு

எங்கள் வீட்டில் ஒரு கோடைகாலம் முழுக்கக் குடியிருந்த அமெரிக்கர் என்னை "இஞ்சாரும்" என்றுதான் கூப்பிடுவார். அதுதான் என் பெயர் என்று நினைத்திருந்தார். நினைக்காமல் என்ன செய்வார்? விடிந்தது முதல் பொழுதுபடும்வரை என் கணவர் குசினியைப் பார்த்து "இஞ்சாரும், தேத்தண்ணி", "இஞ்சாரும், என்ர சேட் எங்க?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தால், கேட்கிறவருக்கு வேறென்ன தோன்றும்? நானும் திருத்தவில்லை. பெண்சாதியைப் பெயர் சொல்லாமல் "இங்கே பாரும்" என்று கூப்பிடுகிற எங்கள் வழக்கத்தை என்னுடைய ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் விளக்குவதைவிட, பெயரை மாற்றிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து எங்களுக்கு இரண்டாவது கோடை. தமிழ்க் குரல் கேட்க ஆசை வந்தால் நானே கண்ணாடிக்கு முன்னால் நின்று என்னோடு சண்டை பிடிக்க வேண்டிய காலம். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்துகிற வேலை செய்தார். அங்கே அவருக்கு மேலே இருந்த போர்மன், பின்னேரங்களில் ஒரு பேஸ்போல் கழகத்தின் செயலாளர். அந்தக் கழகம் அமெரிக்காவிலிருந்து ஒரு பிட்சரை வரவழைத்திருந்தது. பிட்சர் என்றால் பந்து வீசுகிறவர். பகலில் தொழிற்சாலையில் ஒரு வேலை, சனிக்கிழமைகளில் பந்து, இதுதான் ஏற்பாடு. தங்க இடந்தான் இல்லை.

"வீட்டிலே ஒரு அறை சும்மா கிடக்கு" என்று என் கணவர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வந்துதான் என்னிடம் கேட்டார்.

"அமெரிக்கன் என்னத்தைச் சாப்பிடுவான்?" என்றேன்.

"நாங்கள் சாப்பிடுறதைத்தான்."

"நீங்கள் சாப்பிடுறதையே நான் வேண்டா வெறுப்பாச் சமைக்கிறன். இதுக்குள்ள இன்னொருத்தனோ?"

வந்தவர் கதவுநிலைக்குக் குனிந்து உள்ளே வந்தார். பெல்ட்டால் வரிந்து கட்டிய ஒரு சூட்கேஸ், கட்டை மயிர், வெயிலில் காய்ந்த கழுத்து. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார், யாரோ தூங்குகிற குழந்தையைத் தந்துவிட்டுப் போனதுபோல. முப்பத்தேழு வயது. என்னைவிட மூத்தவர்தான். ஆனாலும் நான் "தம்பி" என்றே கூப்பிட்டேன். சம்பளத்துக்குப் பந்து எறிகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

முதல்நாள் இரவு புட்டும் மீன்குழம்பும். புட்டுக்குத் தேங்காய்ப்பூ கடையில் வாங்கிய காய்ந்த பூதான், அதைப் பற்றிப் பேசாதீர்கள். நான் கரண்டி எடுக்கப் போவதற்குள் அவர் என் கணவரின் கையைப் பார்த்து, அதேமாதிரி விரல்களைக் குவித்துப் பிசைந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

"உறைக்குதோ தம்பி?"

"இல்லை, மெக்சிகோவில் இதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்" என்றாராம். என் கணவர்தான் மொழிபெயர்த்தார். (அவர் பேசியதையெல்லாம் என் கணவர் எனக்குச் சொன்ன தமிழிலேயேதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் அது மொழிபெயர்த்தவரின் தலையில்.)

பிள்ளைகளுக்கோ? அடுத்தநாள் நான் செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டேன். மனிதரின் கண்ணால் தண்ணீர் ஓடியது. மூக்கால் ஓடியது. "இன்னும் வேணுமோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். அந்த ஒரு சொல்லை முதல்நாளே பிடித்துக்கொண்டார். எதைக் கேட்டாலும் ஓம். விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம். இப்படிப்பட்ட ஆம்பிளையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. என் கணவருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பார்த்தேன், தொற்றவில்லை.

அவருடைய சரித்திரம் முழுவதும் அந்தக் குசினி மேசையில்தான் வெளிவந்தது. நான் அதைச் சாப்பாட்டு வரிசையில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். பதினெட்டு வயதில் தன்னுடைய நாட்டிலே சின்னச் சின்ன ஊர்களில் விளையாடியபோது, பாணுக்குள் கச்சான் பசை, அதாவது அரைத்த நிலக்கடலை. பஸ்ஸிலே தின்று பஸ்ஸிலே தூங்கிப் பஸ்ஸிலே எழும்பியிருக்கிறார். பிறகு மெக்சிகோ. அவரை மயக்கம் போட வைத்த மிளகாயும், மெதுப்பந்து என்றொரு வித்தையைக் காட்டிக்கொடுத்த பல்லில்லாத பழைய ஆட்டக்காரரும் அங்கேதான். பிறகு வெனிசுவேலாவில் பொரித்த வாழைக்காய். தோற்ற அன்று சனங்கள் அதையே எடுத்து எறிந்தார்களாம். பிறகு ஜப்பான், பச்சை மீன்.

"பச்சையா? சமைக்காமலோ?"

"ஓம், இஞ்சாரும்."

"அங்க பெண்டுகள் குடுத்துவைச்சதுகள்."

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு மாலை, அவருடைய நாட்டின் பெரிய அணி ஒன்று அவரைக் கூப்பிட்டிருக்கிறது. பந்து எறிகிற எவனும் அந்த இடத்துக்காகத்தான் சாகிறானாம். முதல் ஆளை வெளியேற்றினார். இரண்டாவது ஆளையும் வெளியேற்றினார். மூன்றாவது ஆள் அடித்த அடி இருக்கிறதே, "அந்தப் பந்து இன்னும் கீழே விழவில்லை" என்று மேலே அண்ணாந்து பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் மடையர் மாதிரி மேலே பார்த்தோம். சிலந்தி வலைதான் இருந்தது. அடுத்தநாள் காலை அவருக்கு மறுபடியும் பஸ்.

"இத்தனை நாடு திரிஞ்சிருக்கிறீர், ஒரு இடத்திலயும் இருக்க ஏலாதோ?" என்று கேட்டேன்.

"இருக்கச் சொன்னால் இருப்பேன். ஒருத்தரும் சொல்லவில்லையே" என்று சிரித்தார். பிறகு, போன இடத்தின் வழக்கத்தை ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்துவிடுவதுதான் தன்னுடைய முறை என்றார். ஜப்பானில் மைதானத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்களாம். இவரும் கும்பிட்டிருக்கிறார். மெக்சிகோவில் வெள்ளைக் கோட்டை மிதிக்கமாட்டார்களாம். இன்றைக்கும் இவர் மிதிப்பதில்லை.

இந்த முறைதான் பிறகு எல்லா வேலையையும் காட்டியது.

முதல் ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் விளையாடுகிற எல்லேதான். தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடி வரவேண்டும். ஒரே வித்தியாசம், எல்லேயில் பந்து போடுகிறவர் அடிப்பவருக்கு வாகாகப் போடுவார். இங்கே அடிக்கவே கூடாது என்று போடுகிறார்கள். எனக்கு இதுதான் பிடித்தது. இதில்தான் கள்ளத்தனம் இருந்தது.

மைதானத்தின் நடுவே ஒரு சின்ன மண்மேடு. அதில் நின்றுதான் எறிவது. எங்கள் அமெரிக்க மனிதர் ஏறி நின்றார். குனிந்தார். காலுக்குப் பின்னால் கிடந்த சின்ன வெள்ளைத் துணிப்பை ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் தட்டினார். வெள்ளைத் தூள் பறந்தது. பிறகு அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

நெற்றியிலே மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை!

"இஞ்சாருங்கோ" என்று என் கணவரின் தொடையில் அடித்தேன். "மனிசன் திருநீறு பூசுது!"

"விசரே உமக்கு? உது ஏதோ தூள்."

"என்ன தூள்?"

அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மாட்டார். "விளையாட்டுத் தூள்" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் நான் அந்தப் பையை வாங்கி மணந்து பார்த்தேன். கோயில் மணம்! பூசை நேரத்தில் குங்கிலியம் போடுவார்களே, அதே மணம். நிறம் வெள்ளை, மணம் கோயில், பூசுகிற இடம் நெற்றி. இதற்கு மேல் எனக்கு யார் வந்து சாட்சி சொல்ல வேண்டும்?

"தம்பி, இது சாமியோ?" என்று வானத்தைக் காட்டிக் கேட்டேன்.

"ஓம்" என்றார்.

"பாத்தீங்களோ?" என்றேன் கணவரிடம். அவர் வாயைத் திறந்தார், பிறகு மூடிவிட்டார். எங்கள் குடும்பம் நிலைத்து நின்றதற்கு அவர் சரியான நேரத்தில் வாயை மூடுவதும் ஒரு காரணம்.

ஆனால் எனக்கு ஒரு கோபம். கையில் தட்டியபிறகு அந்தப் பையை அவர் மண்ணிலே வீசி எறிகிறார். திருநீற்றை நிலத்தில் எறிகிறதா? அன்று இரவே புட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கொடுக்காமல் வகுப்பு எடுத்தேன். மாவுப் பை ஒன்றை எடுத்து, தொப்பென்று போட்டேன். "கூடாது. பாவம்." பிறகு இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, மெல்ல வைத்தேன். "இப்பிடி."

அவர் என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். இந்த ஊர் வழக்கம் இதுதான்போல என்று அவர் மனதுக்குள் எழுதிக்கொண்டது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. "ஓம், இஞ்சாரும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, ஆறடிக்கு மேல் உயரமான அந்த மனிதர், ஒவ்வொரு முறையும் பையை இரண்டு கையாலும் ஏந்தி, முழங்காலை மடக்கி, மண்மேட்டில் மெல்ல வைத்தார். எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். நடுவர் கிட்டப் போய்க் குனிந்து, உள்ளே முட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். எனக்குப் பெருமையில் கால் நிலத்தில் நிற்கவில்லை.

ஆட்டம் மட்டும் சரிவரவில்லை. வரிசையாகத் தோல்விகள். கழகத்துக்காரர்களுக்கு வேகம் வேண்டும். அமெரிக்கன் என்றால் துவக்குக் குண்டு மாதிரி எறிய வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அவருடைய தோளில் அந்தக் குண்டு எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது அவரிடம் இருந்தது அந்த மெக்சிகோக் கிழவரின் மெதுப்பந்துதான். எங்கள் வீட்டுப் பின்வளவில் அதை எறிந்து காட்டுவார். கொடியில் என் கணவரின் சாரத்தைத் தொங்கவிட்டு, அதுதான் குறி. வேகப்பந்துக்குப் போலவே கை சுழலும், உடம்பு முறுகும், பல்லைக்கூடக் கடிப்பார். ஆனால் பந்து மட்டும், கலியாண வீட்டுக்கு வந்த மாமியார் மாதிரி, ஆறுதலாக நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு வரும். வந்து கடைசியில் டக்கென்று கீழே விழும். என் கணவர் விளக்குமாற்றை எடுத்து அடிக்க நின்று, மூன்று முறையும் பந்து வருவதற்கு முன்பே வீசி முடித்துவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இதையே எறியலாமே தம்பி?"

"போர்மனுக்குப் பிடிக்காது. இதைப் பார்க்கவா காசு கொடுத்து விமானத்தில் கூப்பிட்டோம் என்கிறார்."

பிறகொருநாள் போர்மன் வீட்டுக்கே வந்தார். கதிரையில் உட்காரவில்லை. அடுத்தது சிட்னியில் அங்குள்ள பெரிய கழகத்தோடு ஆட்டம் என்றும், அதிலும் தோற்றால் திரும்பிப் போகிற டிக்கெட்டைப் போட்டுவிடுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அவர் புட்டைத் தொடவில்லை. ஊரிலே அண்ணன் டயர் கடை வைத்திருக்கிறாராம். எப்போதும் அங்கே ஒரு வேலை இருக்கிறதாம்.

"டயர் கடை நல்லதுதானே? ஒரே இடத்தில இருக்கலாம்" என்று என் கணவர் ஆறுதல் சொன்னார்.

அவர் வலது கையை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஊருக்குப் பிறகு என்னைக் கூப்பிட வேறு ஊர் இல்லை. பந்து இல்லாவிட்டால் இந்தக் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியாது" என்றார்.

நான் புட்டை எடுத்து மூடி வைத்தேன்.

சிட்னிக்கு நாங்களும் போனோம். வென்ட்வேர்த்வில்லில் என் கணவரின் தங்கை குடும்பம் இருந்தது. அதுதான் சாட்டு. ரயிலில் ஏறும்போது என் கைப்பைக்குள் இரண்டு சாமான்கள். ஒன்று, மைத்துனியின் கைக்குழந்தைக்கு வாங்கிய வெள்ளைச் சொக்ஸ் ஒரு சோடி. மற்றது, என் திருநீற்று ரின், ஒரு சின்னத் தகர டப்பா. அம்மா தந்து விட்டது. அது இல்லாமல் நான் ஊர் தாண்டுவதில்லை. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்றே விமான நிலையத்தில் ஒரு வெள்ளை உத்தியோகத்தர் அதைத் திறந்து, விரலை விட்டு, "இது என்ன?" என்று கேட்டவர். என் கணவர் வியர்த்துக் கொட்டி ஏதோ இலக்கணம் பேசினார். நான் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன். "போ" என்று கையைக் காட்டிவிட்டார். அந்த அனுபவம் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

ஆட்டத்தன்று சிட்னி வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் மனிதர் அன்று நன்றாகவே எறிந்தார். பாதி ஆட்டம் தாண்டும்போது நாங்கள் மூன்று, அவர்கள் இரண்டு. நான் கதிரையில் உட்காரவே இல்லை. மைத்துனி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"மச்சாள், இருங்கோ. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். டிக்கெட் எடுத்துத்தானே வந்தவை."

அப்போது தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சிட்னி மழைக்கு வெட்கம் கிடையாது. சொல்லாமல் வரும், கொட்டும், போய்விடும். ஆட்டக்காரர்கள் தகரக் கூரைக்குள் ஓடினார்கள். பந்தை எடுத்தார்கள், தடியை எடுத்தார்கள். வெள்ளைப் பையை ஒருவரும் எடுக்கவில்லை. அது மண்மேட்டில் கிடந்து நனைந்து புட்டுக்குழல் துணி மாதிரி ஆகிவிட்டது.

மழை விட்டது. வெயில் திரும்பி வந்தது. மண்ணிலிருந்து ஆவி எழும்பியது. காற்றுக்கே வியர்த்தது. எங்கள் மனிதர் மேட்டில் ஏறினார், குனிந்தார், பையை எடுத்துப் பிழிந்தார். மாற்றுப் பை இருக்கவில்லை. கொண்டுவந்திருக்க வேண்டியவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள்.

அவர் காற்சட்டையில் கையைத் துடைத்துவிட்டு எறிந்தார். பந்து வழுக்கி அடிப்பவரின் தலைக்கு மேலால் போனது. மறுபடி எறிந்தார். அடிப்பவரின் முதுகிலேயே பட்டது. பந்து உடம்பில் பட்டால் அந்த ஆள் ஓடாமலே முதல் இடத்துக்கு நடந்து போகலாம். நடந்து போனார். அடுத்தவரும் நடந்தார். போர்மன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அந்தத் தொப்பியின் அர்த்தம் எனக்குத் தெரியும். டிக்கெட்.

"இஞ்சாருங்கோ, மனிசன்ர திருநீறு நனைஞ்சு போச்சு."

"அது திருநீறு இல்லையெண்டு எத்தினை தரம்..."

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை. கைப்பையைத் திறந்தேன், குழந்தையின் சொக்ஸ் ஒன்றை எடுத்தேன், ரின்னைக் கவிழ்த்து நிரப்பினேன், தலைமயிர் கட்டுகிற நூலால் வாயைக் கட்டினேன். வேலிக்கு ஓடினேன்.

"தம்பி! இந்தாரும்!"

அவர் ஓடிவந்து வாங்கினார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லையே. மேட்டில் நின்று கையில் தட்டினார். வெள்ளைத் தூள் பறந்தது. நெற்றியைத் துடைத்தார். இந்த முறை அது அசல் திருநீறு. பிறகு அந்தக் குட்டிச் சொக்ஸை இரண்டு கையாலும் ஏந்தி மெல்ல வைத்தார்.

மூன்று பந்தும் நேராகப் போயின. டப், டப், டப்! அடிப்பவர் வெளியே. மைத்துனி என்னைக் கட்டிப்பிடித்தாள். சற்றுமுன் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றவள்தான்.

அடுத்த பந்துக்குள் சிட்னி அணியின் பயிற்சியாளர், கழுத்துச் சிவந்த ஒரு தடித்த மனிதர், கத்திக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார். அந்த ஆள் பந்துக்கு என்னவோ பூசுகிறான், அவனை வெளியேற்று என்கிறார் என்று என் கணவர் சொன்னார். பந்துக்கு எதையும் பூசினால் பிட்சரை வெளியே அனுப்புவது சட்டமாம். எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோற்றாலே டிக்கெட். கள்ளவேலை செய்து தோற்றால்?

நடுவர் வந்தார். கறுப்புச் சட்டைக்காரர். சொக்ஸை எடுத்தார், அமுக்கினார். பொசுக்கென்று புறப்பட்ட தூள் அவருடைய கறுப்புச் சட்டையெல்லாம், மீசையெல்லாம். அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"இது என்ன?"

எங்கள் மனிதர் தோளைக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, மைதானம் முழுவதும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"இஞ்சாரும்!"

என் கணவர் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். தன்னுடைய சொத்தை இன்னொருவர் இப்படி ஊரறியக் கூப்பிடுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நான் செருப்பைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தேன். திருநீறு வைத்த இடம், வெறுங்காலோடுதானே போகவேண்டும். வெள்ளைக் கோடு வந்தது. மெக்சிகோவை நினைத்து அதைத் தாண்டிக் காலை வைத்தேன்.

நடுவர் சொக்ஸை நீட்டினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் மழையோடு போய்விட்டது. ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசினேன். அவரைப் பார்த்துச் சிரித்தேன். "கோயில்" என்றேன். விமான நிலையத்தில் இது வேலை செய்தது.

இங்கே செய்யவில்லை. நனைந்த பையை அவர் என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். "இது மரப்பிசின் தூள்" என்று ஆறுதலாக, எனக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னார். கை வழுக்காமல் இருக்கப் பூசுகிற பிசின். இது ஒன்றுக்குத்தான் சட்டத்தில் அனுமதி.

அப்படியென்றால் இத்தனை மாதமும்? நான் எங்கள் மனிதரைப் பார்த்தேன். "தம்பி, இது சாமி இல்லையோ?"

"ஓம்" என்றார்.

பயிற்சியாளர் மறுபடியும் கத்தினார். நடுவர் கையை உயர்த்தினார். பிறகு சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து ஒரு பந்தில் தேய்த்தார். விரலால் வழித்துப் பார்த்தார். ஒட்டவில்லை. வழுக்கவில்லை. கறை இல்லை. யோசித்தார். கடைசியில் அவர் திரும்பிச் சிட்னி அணியின் பிட்சரைக் கூப்பிட்டார். தொங்கு மீசை வைத்த இளம் ஆள். மழைக்குப் பிறகு அவருக்கும் கை வழுக்கத்தானே செய்யும்.

அங்கே பேசியது பிறகு என் கணவர் வழியாகத்தான் எனக்கு விளங்கியது. மேட்டில் கிடக்கிற பை இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதுதான் சட்டமாம். அதை வைக்கிறதும் எடுக்கிறதும் நடுவரின் பொறுப்பாம். "நீயும் இதைப் பாவிக்க ஒப்புக்கொண்டால் இது இங்கே இருக்கும். இல்லையென்றால் இரண்டு பேரும் வெறுங்கையால் எறியுங்கள்" என்றார்.

தொங்கு மீசை சொக்ஸை உள்ளங்கையில் தட்டினார். விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். தன் பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்தப் பெடியன் சிரித்துக்கொண்டு, "நல்லாயிருக்கிறதே" என்று நடுவரிடம் சொல்லிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது என் கணவர் தொப்பியை இறக்கினார்.

"எதிரிக்கும் திருநீறு குடுத்துப்போட்டு வாறீர்."

"கோயில் பிரசாதம் ஆள் பாத்துக் குடுக்கிறதே?"

சொல்லிவிட்டேனே தவிர, மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் பெடியன் அதற்குப் பிறகு எறிந்தது திருநீற்றின் முழுப்பலனோடு. எங்கள் பக்கத்தில் ஒருவராலும் பந்தைத் தொடமுடியவில்லை. கடைசிச் சுற்று வந்தது. அதே மூன்று, அதே இரண்டு. எங்கள் மனிதர் மேட்டில். இரண்டு பேரை வெளியேற்றிவிட்டார். ஆனால் சுற்றியுள்ள மூன்று இடத்திலும் சிட்னிக்காரர்கள் ஓடத் தயாராக நின்றார்கள். இன்னும் ஒரு ஆளை வெளியேற்றினால் வெற்றி. அந்த ஆள் அடித்தால் எல்லாரும் வீட்டுக்கு ஓடி வருவார்கள். எங்கள் மனிதர் டயர் கடைக்குப் போவார்.

வந்தவர் ஒரு மலை. தடியை ஈர்க்குச்சி மாதிரிச் சுழற்றினார். முதல் பந்தை எல்லைக்கு வெளியே கோணலாக அடித்தார். இரண்டாவதையும் அப்படியே. அப்படி அடித்ததும் தவறவிட்ட கணக்குத்தான், இன்னொன்றைத் தவறவிட்டால் மூன்று, ஆள் காலி. எங்கள் மனிதர் மூச்சு வாங்கினார். தோளைத் தடவினார்.

"வேகமா! வேகமா!" என்று போர்மன் கத்தினார். அந்தளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும்.

எங்கள் மனிதர் குனிந்து சொக்ஸை எடுத்தார். ஆறுதலாகத் தட்டினார். இரண்டு கையாலும் வைத்தார். இந்த முறை அவர் எழும்ப நேரமெடுத்தார். கை சுழன்றது, உடம்பு முறுகியது, பல்லைக் கடித்தார். எனக்குத் தெரியும் அந்தப் பல்லை. நான் மைத்துனியின் கையைப் பிடித்து நசுக்கினேன்.

பந்து வந்தது. வந்தது என்று எப்படிச் சொல்வது? மாமியார் வந்தா. நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தா. மலை தடியை வீசினார். வீசி, முழுவட்டம் சுற்றி, தொப்பி கழன்று விழுந்து, ஒரு காலில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் பந்து அவரைத் தாண்டிப் போய் டக்கென்று கீழே இறங்கியது. பிடிப்பவரின் கையுறைக்குள் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

என் கணவர் தொப்பியை மேலே எறிந்தார். அது எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது. நானும் மைத்துனியும் குதித்த குதியில் பலகை இருக்கை ஒன்று முறிந்தது. மழையில் ஊறியிருந்தது, நாங்கள் காரணமில்லை.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது போர்மன் சிரித்துக்கொண்டு வந்தார். டிக்கெட் பேச்சு இல்லை. இன்னும் ஒரு வருடம் வைத்திருக்கலாம், ஆனால் இந்த மெதுப்பந்து விளையாட்டெல்லாம் வேண்டாம், வேகமாக எறிந்தால் போதும் என்றார். எங்கள் மனிதர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை.

அவருக்குப் பின்னாலேயே அந்தச் சிவந்த கழுத்துக்காரர் வந்தார். கையில் என் சொக்ஸ். திருப்பிக் கொடுக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். அவர் எங்கள் மனிதரிடம் நேராகக் கேட்டது இதுதான்: "அடுத்த வருடம் சிட்னிக்கு வா. அந்தக் கடைசிப் பந்தை என் பெடியனுக்குச் சொல்லிக்கொடு. நீ எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் எறி. எங்களோடேயே இரு."

எங்கள் மனிதர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருக்கச் சொன்னால் இருப்பேன் என்றவர். சொல்லிவிட்டார்கள்.

"என்ன பாக்கிறீர்? ஓம் எண்டு சொல்லும்" என்றேன்.

"ஓம்" என்றார். அந்த முறை விளங்கித்தான் சொன்னார்.

சூட்கேஸை மறுபடியும் பெல்ட்டால் கட்டியபோது ஒரு போத்தல் மிளகாய்த்தூளை உள்ளே திணித்தேன். வாசலில் என் கணவர் சொல்லிக்கொடுத்ததை அவர் பிழையில்லாமல் சொன்னார்: "போட்டு வாறன், இஞ்சாரும்." என் கணவர் சேட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். நான் துடைக்கவில்லை. எனக்குப் புட்டுக்கு அரிசி மா மிச்சம் என்ற யோசனை. அப்படித்தான் அன்று சொன்னேன்.

அடுத்த கோடையில் சிட்னி அணி மெல்பேர்னுக்கு வந்தது. போர்மனுக்கும் அவருடைய ஆட்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் எதிரணிக்குக் கத்தினேன். போர்மன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். எங்கள் மனிதர் ஏறி நின்றார், குனிந்தார், பையில் கையைத் தட்டினார், இரண்டு கையாலும் மெல்ல வைத்தார். அது வெறும் பிசின் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாதி ஆட்டத்தில் அவரை இறக்கிவிட்டுத் தொங்கு மீசைப் பெடியனை ஏற்றினார்கள். அவனும் பையை எடுத்துத் தட்டினான். பிறகு முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் ஏந்தி, முட்டை வைப்பதுபோல மண்மேட்டில் வைத்தான்.

பிறகு ஒரு பந்தை எறிந்தான். அது நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தது.